பாட்காஸ்ட் ஹோஸ்டிங்: இலவசமா, காசு கட்டியா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்து ஆச்சிமார்களின் பேச்சைச் சில வருடங்களாகப் பதிவு செய்து பாட்காஸ்ட்டாக, அதாவது இணையத்தில் தொடராகக் கேட்கும் ஒலி நிகழ்ச்சியாக, போட்டு வருகிறேன். பலகாரப் பக்குவம், தாலாட்டு, பர்மாவிலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்த கதை எல்லாம் அதில் உண்டு. அதனால் தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டணுமா?" என்று கேட்கிறார். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவர் வீட்டுப் பையனும் கேட்டிருக்கிறான். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ஹோஸ்டிங்னு ஒண்ணு எதுக்கு? நேரா ஸ்பாட்டிஃபைல போட்டுட முடியாதா?

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், அமேசான் மியூசிக் எல்லாம் மக்கள் வந்து கேட்கிற இடங்கள். உங்கள் ஒலிக்கோப்பு பொதுவாக அங்கே இருப்பதில்லை. அது இருக்கிற இடம்தான் ஹோஸ்டிங். அந்தச் சேவை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கோப்பை வைத்துக் காப்பாற்றி, கேட்கிறவருக்கு அனுப்புவது. இரண்டாவது, ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற ஒரு பட்டியலை எழுதி வைப்பது. நிகழ்ச்சியின் பெயர், படம், ஒவ்வொரு எபிசோடின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பின் முகவரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். செயலிகள் அவ்வப்போது வந்து அதைப் படித்துப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். 2005-இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்த காலத்திலிருந்து ஏற்பாடு இதுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஸ்பாட்டிஃபை நிறுவனமே ஒரு இலவச ஹோஸ்டிங்கும் நடத்துகிறது. ஆங்கர் என்ற சேவையை 2019-இல் வாங்கினார்கள். 2023-இல் அதற்கு ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள், 2024-இல் ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்று மாற்றினார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு "ஆங்கர் எங்கே போச்சு?" என்று தேடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், மூன்றும் ஒன்றுதான்.

ஃபீடுக்கு ஒரு முகவரி உண்டு என்பதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிக் கேள்விகள் அங்கேதான் வந்து நிற்கும்.

கூகுள் டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்தா ஆகாதா? வாட்ஸ்அப் குரூப்லயே அனுப்பலாமே?

டிரைவில் 15 ஜிபி இலவசம், உண்மைதான். ஆனால் அந்த லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கிறது, கோப்பைத் தருவதில்லை. பாட்காஸ்ட் செயலி, கேட்கிறவர் நடுவிலிருந்து கேட்க விரும்பினால், கோப்பின் அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கும். அப்படித் துண்டு துண்டாகத் தருகிற இடத்தில்தான் கோப்பு இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. டிரைவ் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதில்லை.

வாட்ஸ்அப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பத்தா வயதுக்காரர்கள் கேட்பதே அதில்தான். ஆனால் குரூப்பில் நேற்றுச் சேர்ந்தவருக்குப் போன வருடம் அனுப்பியது கிடைக்காது, நாலு பேர் ஃபார்வர்டு செய்தபின் அது யார் குரல் என்றே தெரியாது. எபிசோடை ஹோஸ்டிங்கில் போட்டு, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இலவசம்னா எப்படி இலவசம்? அவங்களுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி, இதை முதலில் கேட்கிறவர்கள் பின்னால் ஏமாறுவதில்லை. இலவசம் தருகிறவர்களில் நான் பார்த்த வரை மூன்று வகை உண்டு. முதல் வகை, ருசி காட்டுவது. கொஞ்சம் இடம் தருவார்கள், நிறைந்ததும் காசு கட்டச் சொல்வார்கள். இரண்டாவது வகை, உங்கள் நிகழ்ச்சியால் தங்கள் செயலிக்கு ஆள் வர வேண்டும், விளம்பரம் ஓட வேண்டும் என்பதற்காகத் தருவது. மூன்றாவது, லாப நோக்கமில்லாத ஆவணக் காப்பகம்.

மூன்றும் நேர்மையான வழிதான். ஆனால் எந்த வகை என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான், அவர்கள் எப்போது எதை நிறுத்துவார்கள் என்று ஊகிக்க முடியும். இரண்டாவது வகையில், உங்கள் எபிசோடுக்குள் அவர்கள் விளம்பரம் செருக உரிமை எடுத்துக்கொள்கிறார்களா என்று நிபந்தனைகளில் பாருங்கள். தாலாட்டுக்கு நடுவே சூதாட்டச் செயலி விளம்பரம் வந்தால் எனக்குப் பொறுக்காது.

எல்லா இலவசமும் ஒரே மாதிரிதானா?

இல்லை. பஸ்ஸ்ப்ரவுட் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் பல வருடங்களாக மாதம் 2 மணி நேரம் ஏற்ற முடிந்தது, ஆனால் ஒவ்வொரு எபிசோடும் 90 நாள்தான் இருந்தது, பிறகு போய்விடும். பாட்பீன் என்ற இன்னொரு சேவையில் அப்படிப் போகாது, ஆனால் மொத்தமே 5 மணி நேரம் என்று அளவு வைத்திருந்தார்கள். ஸ்பாட்டிஃபையின் சேவையில் இரண்டும் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், காசில்லை. ஆர்க்கைவ் டாட் ஆர்க் என்ற இணையக் காப்பகம், 1996-இல் தொடங்கியது, மூன்றாவது வகை. கோப்பை இலவசமாக வைத்துக்கொள்ளும், ஆனால் பாட்காஸ்ட் ஃபீடை நாமே வேறு இடத்தில் எழுத வேண்டும். திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சேரும் அன்று அவர்கள் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

90 நாள் கணக்கை ஏனோ எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆடி மாதம் கும்மாயம் என்ற பலகாரம் கிண்டுவது பற்றிப் போட்ட எபிசோடு அடுத்த ஆடிக்கு இருக்காது. செய்தி பேசுகிற நிகழ்ச்சிக்கு அது பரவாயில்லை. நம்மைப் போல ஒன்றைக் காப்பாற்றி வைக்க நினைக்கிறவர்களுக்கு அந்தத் திட்டம் சரிவராது.

காசு குடுத்தா அப்படி என்னதான் கூடுதலா கிடைக்கும்?

கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைப்பார். எனக்கு அதுதான் முதல். ஃபீட் திடீரென்று உடைந்து, எந்தச் செயலியிலும் புது எபிசோடு வராதபோது, மின்னஞ்சல் எழுதினால் மறுநாளுக்குள் ஒரு மனிதர் பார்த்துச் சரி செய்வது பெரிய நிம்மதி. இலவசச் சேவையில் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், நீங்கள் காசு கட்டிக்கொண்டிருக்கும்வரை எபிசோடுகள் அப்படியே இருக்கும். ஒரே கணக்கில் இரண்டு மூன்று நிகழ்ச்சி வைக்கலாம். இன்னொருவருக்குக் கடவுச்சொல் தராமலே உள்ளே வந்து வேலை செய்ய அனுமதி தரலாம். சொந்த டொமைன் பெயரில், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரியில், ஒரு சின்னப் பக்கம் வைக்கலாம். குடும்பத்துக்கு மட்டும் என்று தனி ஃபீடும் சில சேவைகளில் கிடைக்கும். அதைப் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

காசு கட்டினா சவுண்டு நல்லா இருக்குமா?

இருக்காது. பெரும்பாலும் நீங்கள் ஏற்றியது என்னவோ அதுதான் போய்ச் சேரும். இதை நம்பி 1,000 ரூபாய் கட்டிவிட்டு, "இன்னும் எதிரொலிக்குதே" என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். எதிரொலி நம் வீடுகளில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி போல வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான மச்சு. பேசுகிற குரல் மூன்றிலும் மோதித் திரும்பி வரும். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய இடத்தில், உட்கார்ந்து பதிவு செய்தால் படம் அழகாக இருக்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மேலே திறந்த முற்றத்தில் புறா வேறு.

சின்ன உள்ளறைக்குப் போங்கள். மெத்தை, தலையணை, ஜமுக்காளம், பெட்டி நிறையச் சேலை என்று துணி அடைந்து கிடக்கிற அறை இருக்குமே, அதுதான் சிறந்த ஸ்டூடியோ. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஆச்சியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியளவை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆப்பிள் சொல்கிற அளவு மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (ஒலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளக்கும் அலகு). இதையெல்லாம் செய்தபின், எந்த இலவச ஹோஸ்டிங்கில் போட்டாலும் நன்றாகத்தான் கேட்கும். கையில் இருக்கிற காசு கொஞ்சம்தான் என்றால் மைக்குக்குப் போடுங்கள்.

எனக்கு எவ்வளவு இடம் வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சிக்கு மோனோ (ஒரே தடத்தில் ஒலி), 64 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) எம்பி3 போதும். ஒரு நிமிடத்துக்கு 0.48 எம்பி, அரை மணி எபிசோடுக்கு 14.4 எம்பி. வாரம் ஒன்று போட்டால் வருடம் 52 எபிசோடு, சுமார் 750 எம்பி. பாட்டு அதிகமிருந்தால் ஸ்டீரியோ 128 கேபிபிஎஸ் வையுங்கள், எல்லாம் இரண்டு மடங்காகும்.

சில சேவைகள் இடத்தோடு, மாதம் எவ்வளவு டேட்டா வெளியே போகலாம் என்றும் அளவு வைக்கும். 14.4 எம்பி எபிசோடை 300 பேர் இறக்கினால் 4.3 ஜிபி. 100 ஜிபி அளவு தருகிற இடத்தில் நமக்கு அது ஒரு தொல்லையே இல்லை. இடம் போதாது என்பதற்காகக் காசுத் திட்டத்துக்குப் போகிறவர்களில் பலர் தேவையில்லாமல் பெரிய கோப்பை ஏற்றுகிறவர்கள்தான்.

பன்னெண்டு டாலர்னு போட்டிருக்கான். நம்ம கையை விட்டு எவ்வளவு போகும்?

பெயர் பெற்ற சேவைகளின் தொடக்கத் திட்டங்கள் பெரும்பாலும் மாதம் 5 டாலரிலிருந்து 20 டாலருக்குள் இருக்கும். ஆனால் போட்டிருக்கிற விலை முழு விலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் இணையச் சேவைக்கு நம் நாட்டில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்தால் 12 டாலர் 14.16 டாலராகிறது. இதன் மேல் வங்கி, வெளிநாட்டுப் பணத்துக்கு மாற்றும் கட்டணம் என்று பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும்.

வருடம் மொத்தமாகக் கட்டினால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். ஆனால் முதல் வருடமே அப்படிக் கட்டாதீர்கள். ஆறு எபிசோடு போட்டு நின்றுபோன நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நம் பெரியவர்கள் வருடக் கடைசியில் ஐந்தொகை போட்டுப் பார்த்தது போல, ஒரு வருடம் ஓட்டிவிட்டு, எத்தனை எபிசோடு வந்தது, எபிசோடுக்கு என்ன செலவு விழுந்தது என்று எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மொத மாசம் கார்டு எடுத்துக்கிச்சு. ரெண்டாம் மாசம் பணம் போகலைன்னு மெயில் வருது. ஏன்?

முதலில் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். அது சரியாக இருந்தும் இரண்டாம் மாதம் நின்றால், காரணம் ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபர் 1 முதல், மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க, நீங்கள் ஒருமுறை ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் எடுப்பதற்கு முன் வங்கி உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் போகாது.

உங்கள் மேல் தப்பில்லை, அவர்கள் மேலும் பெரிய தப்பில்லை. ஒவ்வொரு மாதமும் கையால் கட்டலாம், அல்லது வருடச் சந்தாவுக்கு மாறலாம். முதல் வருடம் வேண்டாம் என்று மேலே சொன்னேன், கார்டு இப்படித் தகராறு செய்கிறவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு.

பணம் கட்டுறதை நிறுத்திட்டா போட்டதெல்லாம் என்ன ஆகும்?

பெரும்பாலான சேவைகளில் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், பிறகு ஃபீடை நிறுத்துவார்கள். முதல் பதிலில் சொன்னது போலக் கோப்பு செயலிகளில் இல்லை, ஹோஸ்டிங்கில்தான் இருக்கிறது. அது நின்றால் ஆப்பிளிலும் மற்ற இடங்களிலும் எபிசோடு ஓடாது. நின்ற பிறகு எத்தனை நாள் கோப்பை வைத்திருப்பார்கள், திரும்பக் கட்டினால் வருமா என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இலவசத்துல ஆரம்பிச்சு அப்புறம் காசு கட்டுற இடத்துக்கு மாறலாமா? கேக்குறவங்க போயிடுவாங்களா?

மாறலாம், யாரும் போகமாட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பழைய இடம், பழைய ஃபீட் முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். ரீடைரக்ட் என்பார்கள், அதிலும் முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் 301 வகை. வீடு மாறும்போது தபால்காரரிடம் புது முகவரி சொல்லி வைப்பது போலத்தான். செயலிகள் அதைப் பார்த்து முகவரியை மாற்றி எழுதிக்கொள்ளும். குறைந்தது நாலு வாரம் அந்தத் திருப்பல் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். முடிந்தவரை எடுக்காமலே விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை.

அதனால் இலவசச் சேவையில் சேரும் முன் இடம், மணி நேரம் எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: "நான் போகும்போது 301 திருப்பல் தருவீர்களா, இலவசமாகவே தருவீர்களா?" ஸ்பாட்டிஃபையின் சேவையில் அந்த வசதி இருக்கிறது. இல்லை என்று சொல்கிற இடத்தில், எத்தனை மணி நேரம் தந்தாலும், சேராதீர்கள். அங்கே சேருகிற ஒவ்வொரு கேட்பவரும் அவர்களுடைய ஆள், உங்களுடைய ஆள் இல்லை.

மாறும் நாளில் இன்னொரு விஷயம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஃபீடுக்குள் ஒரு அடையாள எண் இருக்கும். புது இடம் பழைய ஃபீடை இறக்குமதி செய்யும்போது அந்த எண்ணை மாற்றாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றினால் கேட்பவர் போனில் எல்லா எபிசோடும் இரண்டு தடவை வந்து நிற்கும். நல்ல சேவைகள் தாமாகவே சரியாகச் செய்கின்றன, இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

அக்கவுண்டை தம்பி மகன் பேர்ல ஆரம்பிச்சுக்கட்டுமா? அவனுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்.

வேண்டாம். இதை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். நான் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சின்ன இலவசச் சேவை, உறவுக்காரப் பையன் தன் கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தந்தான். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலை அவன் பார்ப்பதில்லை. சேவையை மூடப் போகிறோம், கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் அனுப்பிய தகவல் அங்கே போய்க் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. போனில் இடம் வேண்டும் என்று அசல் பதிவுகளையும் அழித்திருந்தேன். கண்டனூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் பாடிய இரண்டு தாலாட்டு அதில் போயிற்று. மறுபடி பாடித் தரச் சொல்ல அவர் இப்போது இல்லை.

ஆகவே கணக்கு, நிகழ்ச்சியை நடத்துகிறவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். அதைவிட நல்லது, நிகழ்ச்சிக்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று திறந்து, வீட்டில் இரண்டு பேருக்குக் கடவுச்சொல் தெரிய வைப்பது. ஃபீடுக்குள்ளும் ஒரு மின்னஞ்சல் குறிக்கப்பட்டிருக்கும். நிகழ்ச்சி உங்களுடையதுதான் என்று உறுதி செய்ய ஸ்பாட்டிஃபை போன்றவை அந்த முகவரிக்குத்தான் ஒரு எண் அனுப்பும். ஆப்பிளில் நிகழ்ச்சியைச் சேர்ப்பதையும் உங்கள் கணக்கிலேயே நீங்களே செய்யுங்கள், "நாங்களே சேர்த்துத் தருகிறோம்" என்று ஹோஸ்டிங் சேவை சொன்னாலும் சரி. தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும்.

பெரிய கம்பெனின்னா மூட மாட்டாங்கதானே?

கூகுளே தன் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை 2024-இல் மூடியது. ஸ்டிச்சர் என்ற பழைய செயலி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் அவை கேட்கும் இடங்கள். ஃபீட் வேறு இடத்தில் பத்திரமாக இருந்த நிகழ்ச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்கிறவர்கள் வேறு செயலிக்குப் போய் அதே ஃபீடைக் கேட்டார்கள். ஃபீட் முகவரி கையில் இருப்பதன் அருமை அதுதான். ஹோஸ்டிங் மூடுவது வேறு விஷயம், மேலே சொன்ன என் கதைதான்.

காப்பகம் என்றாலும் முழுக்க நம்பி உட்கார முடியாது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் ஆர்க்கைவ் டாட் ஆர்க் பல நாள் செயல்படாமல் இருந்தது. பிறகு மீண்டு வந்தது. அசல் பதிவு உங்கள் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும், ஊரில் வேறொரு வீட்டில் இன்னொன்றிலும் இருந்தால், யார் மூடினாலும் ஒரு வாரத்தில் திரும்ப ஏற்றிவிடலாம்.

யூட்யூப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

யூட்யூபிலும் போடுங்கள், நம் ஆட்கள் அதிகம் இருப்பது அங்கேதான். ஆனால் மற்ற செயலிகள் படிக்கிற ஃபீடை யூட்யூப் தருவதில்லை. அங்கே மட்டும் வைத்தால் நீங்கள் ஒரே வாசலில் நிற்கிறீர்கள். திரையை அணைத்துவிட்டு அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கும் அங்கே பல இடங்களில் காசு கட்ட வேண்டியிருக்கிறது. பாட்காஸ்ட் செயலியில் அது சும்மா கிடைக்கிறது.

முந்நூறு டவுன்லோடுன்னு காட்டுது. முந்நூறு பேர் கேட்டாங்கன்னு அர்த்தமா?

இல்லை. ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பு வகுத்த விதிப்படி எண்ணுகிற சேவைகள், ஒரே கருவி 24 மணி நேரத்துக்குள் எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றாகவே எண்ணும், குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும். அந்த விதியைப் பின்பற்றாத இடத்தில் எண் பெரிதாகத் தெரியும். அதனால் இலவசத்திலிருந்து மாறியதும் எண்ணிக்கை குறைந்தால் பதறாதீர்கள், கேட்பவர்கள் போகவில்லை, எண்ணும் முறை மாறியிருக்கிறது.

எந்த ஊரில் கேட்கிறார்கள் என்ற கணக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் தெரியும்போது, அங்கே யாரோ ஒரு பேத்தி கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆரம்பத்துல பழைய சினிமாப் பாட்டு ரெண்டு வரி போட்டுக்கலாமா? காசு கட்டின திட்டம்னா பிரச்சனை இல்லைதானே?

காசு கட்டினாலும் பிரச்சனைதான். ஹோஸ்டிங் கட்டணத்தில் பாட்டு உரிமை வராது. இந்தியச் சட்டப்படி பாடல் வரிக்கும் மெட்டுக்கும் அதை ஆக்கியவர் மறைந்தபின் 60 வருடம் உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். நம் சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. இரண்டு வரி என்பதால் விலக்கு என்று எதுவும் கிடையாது. புகார் வந்தால் எபிசோடை எடுத்துவிடுவார்கள், இலவசமோ காசோ.

ஆச்சி தன் குரலில் பாடுகிற ஊர்த் தாலாட்டைவிட நல்ல தொடக்கம் எது? அவரிடம் சம்மதம் கேட்டு, கேட்டதையும் பதிவு செய்து வையுங்கள். கம்பன் விழா மாதிரி மேடைப் பேச்சைப் போடுவதற்கும் பேசியவரிடம் கேட்க வேண்டும்.

எங்க ஊர்ப் பலகாரக் கடைக்காரர் விளம்பரம் தர்றேங்கிறார். இலவசத் திட்டத்துல வாங்கலாமா?

உங்கள் குரலிலேயே சொல்லுகிற விளம்பரத்துக்குப் பெரும்பாலும் தடையில்லை, நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். அவர் தருகிற பணம் ஹோஸ்டிங் செலவுக்குச் சரியாகப் போனால் கேள்வியே தீர்ந்தது, காசுத் திட்டத்துக்கு மாறுங்கள்.

எங்க வீட்டு ஐயா பேசினதை பங்காளிகள் மட்டும் கேக்கணும். வெளியாளுக்குத் தெரியக்கூடாது. இலவசத்துல முடியுமா?

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் காசுத் திட்டம்தான். அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஃபீட் முகவரி தருவார்கள், ஒருவரை நீக்க வேண்டுமென்றால் அவர் முகவரியை மட்டும் நிறுத்தலாம். இலவசத்தில், "பட்டியலில் சேர்க்காதே" என்று ஃபீடில் குறித்துவிட்டு முகவரியை வீட்டாருக்கு மட்டும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது கதவைச் சாத்தி வைப்பது, பூட்டுவது இல்லை. முகவரி வெளியே போனால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சொத்து, பாகம், பழைய மனத்தாங்கல் எல்லாம் பேச்சில் இருக்கிறதென்றால் இணையத்துக்கே கொண்டுவராதீர்கள். பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

ஆச்சி தவறிட்டாங்க. இனிமே புது எபிசோடு கிடையாது. மாசாமாசம் கட்டவும் முடியல. இருக்கிறதை எங்க வைக்கிறது?

இந்தக் கேள்வியை இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில், காசு கட்டுவதை நிறுத்துவதற்கு முன்னால் எல்லாக் கோப்பையும், தலைப்பு, குறிப்பு, படம் உட்பட, இறக்கி வையுங்கள். அப்புறம் எபிசோடுகளுக்கு அளவோ நாளோ வைக்காத ஒரு இலவசச் சேவைக்கு 301 திருப்பலோடு மாற்றுங்கள். பழைய இடத்தில் திருப்பல் பதிவாகி, ஆப்பிளிலும் மற்ற செயலிகளிலும் புது முகவரி வந்துவிட்டது என்று பார்த்தபின் கட்டணத்தை நிறுத்துங்கள். அதற்காக ஒரு மாதக் காசு கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

பொதுவில் இருக்கலாம் என்று வீட்டார் எல்லாரும் சம்மதித்தால், ஆர்க்கைவ் டாட் ஆர்க்கிலும் ஒரு படி ஏற்றுங்கள். எம்பி3 மட்டும் போதாது, சுருக்காத அசல் வேவ் கோப்பையே ஏற்றுங்கள். தலைப்பில் "எபிசோடு 14" என்று விடாமல், பேசியவர் பெயர், ஊர், பிறந்த வருடம், என்ன பேசுகிறார், எந்த நாளில் பதிவானது என்று தமிழில் எழுதுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகமும் நோட்டீசும் அழைப்பிதழும் என்று சேர்த்து வைத்ததுதான் 1994-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்றைக்கு அங்கே போய் ஒரு தாளைத் தேடி எடுக்க முடிகிறதென்றால், அது இன்னதென்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். குரலுக்கும் அந்தக் குறிப்பு வேண்டும்.

எழுத நேரமில்லை என்றால் பதிவுகளையும் விவரத்தையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள், உட்கார்ந்து இரண்டு பேருமாக எழுதிவிடலாம்.